கட்டத்துக்கு வெளியே – 9: நடுவெளியில் நின்றவர்கள்

இரும்புக்கை மாயாவி தமிழுக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். சிவகாசியிலிருந்து வந்த அந்தப் புத்தகங்களில் எதிரியின் எந்திரம் எதையாவது தகர்த்துக்கொண்டே இருக்கும். மாயாவி நேரத்துக்கு வந்து சேர்வாரா என்ற ஒரே கவலையோடு நாமும் பக்கத்தைப் புரட்டுவோம். சரிந்த கட்டடத்தில் யார் குடியிருந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை, கதையும் சொன்னதில்லை. கட்டத்தின் ஓரத்தில் நாலு உருவங்கள் வாயைப் பிளந்தபடி ஓடும். அவற்றுக்கு மூக்கும் முழியும் வரைய ஓவியருக்கு நேரம் இருந்திருக்காது.

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸிலும் நெடுங்காலம் இதுதான் வழக்கம். ஒரு இதழில் தெருவே தரைமட்டமாகும்; அடுத்த இதழில் அதே தெரு பழையபடி நிமிர்ந்து நிற்கும். யார் கட்டினார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்ற பேச்சே கிடையாது. 1989-ல் மார்வெல் நிறுவனம் 'டேமேஜ் கன்ட்ரோல்' என்ற தொடரில் இதையே வேடிக்கையாக்கியது. ஹீரோக்கள் மோதி முடித்த பிறகு இடிபாட்டை அள்ள வரும் கம்பெனியின் ஊழியர்கள்தான் அதன் கதாபாத்திரங்கள்.

அதற்கு முன்பே இந்தக் கேள்வியை வேடிக்கையில்லாமல் கையில் எடுத்தவர் ஆலன் மூர். ஓவியர் டேவ் கிப்பன்ஸுடன் அவர் 1986-87-ல் செய்த 'வாட்ச்மென்' மொத்தம் 12 இதழ்கள். அதில் நியூயார்க் தெருமுனையில் ஒரு பத்திரிகைக் கடை வரும். கடைக்காரர் ஓயாமல் உலக அரசியல் பேசுவார். பக்கத்தில் ஒரு பையன் காசு கொடுக்காமல் கடற்கொள்ளையர் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பான். டாக்சி ஓட்டும் பெண், மனநல மருத்துவர் என்று இன்னும் சிலர் வந்து போவார்கள். இவர்கள் எதற்கு, கதையைப் பார்க்காமல் என்று எரிச்சல்கூட வரும். 11-ம் இதழின் கடைசிப் பக்கத்தில்தான் காரணம் விளங்கும். பேரழிவு வரும் கணத்தில் கடைக்காரரும் பையனும் ஒருவரையொருவர் பற்றிக்கொள்கிறார்கள், வெள்ளை வெளிச்சத்தில் இருவரும் கரைந்துபோகிறார்கள். 12-ம் இதழ் திறந்ததும் பக்கம் பக்கமாகப் பிணங்கள், வசனம் இல்லை. அந்தக் கூட்டத்தில் நமக்குத் தெரிந்த முகங்களைத் தேடுகிறோம். மூர் இத்தனை இதழ்களைச் செலவழித்தது இந்தத் தேடலுக்காகத்தான்.

இதைப் புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதும்போது 1761-ஐத் தாண்டிப் போக முடியவில்லை. கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர் வீடுகளை பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்தவை என்று நினைப்பவர்கள் உண்டு. டூப்ளே ஆண்ட நகரம் அநேகமாக மிச்சமில்லை. பிரெஞ்சுத் தளபதி லாலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய மோதலில் அது போய்விட்டது.

1760-ல் ஆங்கிலேயரின் முற்றுகை இறுகியதும் ஊருக்குள் தானியம் தீர ஆரம்பித்தது. தின்னும் வாய்களைக் குறைக்க, மிச்சமிருந்த உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரை லாலி வெளியே தள்ளினார். எதிர்ப்பக்கம் போனால் ஆங்கிலேயப் படை விரட்டியது. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர் கதவைத் திறக்கவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தையுமாக இரண்டு படைகளுக்கும் நடுவெளியில் கிடந்து, புல்லின் வேரைத் தின்று நாட்களைக் கழித்தார்கள். கடைசியில்தான் கூட் வழிவிட்டார்.

1761 ஜனவரியில் லாலி சரணடைந்தார். லாலி 1758-ல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பழியாக, சென்னை கவர்னர் பிகாட்டின் உத்தரவில் புதுச்சேரி இடிக்கப்பட்டது. இன்று பாரதி பூங்கா இருக்கும் பக்கத்தில் நின்ற கோட்டையும், கவர்னர் மாளிகையும், வீடுகளும் தரைமட்டமாயின. 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின், 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து புதிதாகக் கட்டியதே இப்போதைய நகரம். லாலிக்கு 1766-ல் பாரிஸில் தலை போனது. கூட்டின் பெயரும் சரித்திரத்தில் நிலைத்தது. அந்த 1,400 பேரில் ஒருவர் பெயரும் நம்மிடம் இல்லை.

இத்தனைக்கும் ஊரில் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்தே நாட்குறிப்பு வைத்திருந்தவர். 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை நாம் அவர் எழுத்து வழியாகத்தான் அத்தனை அருகில் பார்க்கிறோம். பிள்ளை சாமானியர் அல்ல. கவர்னரிடம் நேரே பேசக்கூடிய பெரிய துபாஷி, வியாபாரி. ஆனால் அரண்மனைச் சேதியும் தெருப்பேச்சும் அவர் காதில் ஒன்றாக விழுந்தன, இரண்டையும் எழுதினார். 1994-ல் வந்த 'மார்வெல்ஸ்' காமிக்ஸில் பில் ஷெல்டன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் செய்யும் வேலை இதுவே. பறக்கும் வீரர்களைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி, பக்கத்தில் நிற்பவர்களின் பயத்தையும் அவர் சேர்த்தே பதிவுசெய்கிறார். பிள்ளையோ நகரம் விழுந்த அதே ஜனவரியில் காலமானார். நகரம் இடிபட்டதைச் சொல்ல அவர் இல்லை.

பிறகு புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் வந்தார். அந்த நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களை எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. குறிப்பில் ஒரு வரியில் வந்து போனவர்களுக்குப் பசியும் பேச்சும் கோபமும் கொடுத்தது அவர் கற்பனை.

அழிவின் அளவை இடிந்த கட்டடங்களை எண்ணிக் காட்டிவிட முடியாது. இடிவதற்கு முன் அந்தத் தெருவில் எத்தனை பக்கம் வாழ்ந்தோம் என்பதில்தான் அது இருக்கிறது. மூரின் கடைக்காரருக்கு இதழ் இதழாகப் பக்கங்கள் கிடைத்தன; நடுவெளியில் புல் வேர் தின்றவர்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. முற்றுகையை வரைய ஒரு தமிழ் ஓவியர் முன்வந்தால், லாலியையும் கூட்டையும் கட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளட்டும். மூக்கும் முழியும் இந்த முறை அவர்களுக்குத் தேவையில்லை.

(தொடரும்)