கொரிய மொழியில் 'வந்தால்' என்று சொல்ல இரு வடிவங்கள்: தமிழர்கள் தடுமாறுவது எங்கே?

புதுடெல்லி: தலைநகரில் கொரிய மொழி பயில்வோருக்கு இன்று பல வாயில்கள் உள்ளன. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம் ஆகியவற்றில் அம்மொழி கற்பிக்கப்படுகிறது. லாஜ்பத் நகரில் 2012ஆம் ஆண்டு முதல் இயங்கும் கொரியப் பண்பாட்டு மையமும் வகுப்புகளை நடத்துகிறது. மேல்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஒன்றாகக் கொரிய மொழியைத் தேசியக் கல்விக் கொள்கை 2020 குறிப்பிடுகிறது. நொய்டாவில் சாம்சங், சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாய் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் இயங்குவதால், இம்மொழிக்கு வேலைவாய்ப்பு மதிப்பும் உண்டு.

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற சொல் வரிசை இரு மொழிகளுக்கும் பொதுவானது என்பதால் தமிழருக்குக் கொரிய மொழி எளிதாகத் தோன்றும். ஆனால் நிபந்தனை வாக்கியத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு உள்ளது. அதைக் கவனிக்கத் தவறினால், பிழையற்ற வாக்கியமும் மரியாதைக் குறைவாக ஒலிக்கக்கூடும்.

ஒரே 'வந்தால்', பல முடிவுகள்

தமிழில் வினையுடன் 'ஆல்' சேர்ந்து 'வந்தால்' என்றாவது போல, கொரிய மொழியில் 'மியொன்' என்ற விகுதி சேர்கிறது. 'ஓ' என்பது 'வா' என்பதற்கான வினையடி. 'ஓமியொன்' என்றால் 'வந்தால்'. மழையும் அங்கே தமிழில் போலவே 'வருகிறது'. எனவே 'பிகா ஓமியொன்' என்பது 'மழை வந்தால்' என்று பொருள்படும்.

'மழை வந்தால் போகமாட்டேன்' என்பதை நண்பரிடம் சொல்லும்போது வாக்கியம் 'அன் கா' என முடியும். அறிமுகமானவரிடம் பணிவாகப் பேசும்போது 'அன் கயோ' என்றும், அலுவலகக் கூட்டம் போன்ற முறைசார்ந்த இடங்களில் 'அன் கம்னிதா' என்றும் முடியும். மூன்றிலும் 'பிகா ஓமியொன்' மாறுவதில்லை. கேட்பவருக்கு உரிய மரியாதையை வாக்கியத்தின் இறுதி வினையே ஏற்கிறது.

இடையில் நுழையும் 'ஷி'

வருவது மழையாக இல்லாமல் ஆசிரியராக இருந்தால் நிலைமை மாறுகிறது. அப்போது வினையடிக்கும் விகுதிக்கும் இடையே 'ஷி' என்ற மரியாதை இடைநிலை நுழைந்து, 'ஓஷிமியொன்' என்றாகும். இது கேட்பவருக்கான மரியாதை அன்று. செயலைச் செய்பவருக்கான மரியாதை.

இவ்விரண்டும் தனித்தனியே இயங்குகின்றன. 'ஆசிரியர் வந்தால் சொல்லு' என்று நண்பரிடம் கூறும்போது நிபந்தனையில் 'ஷி' இடம்பெறும்; இறுதி வினையோ சாதாரண வடிவில் நிற்கும். 'தம்பி வந்தால் போகிறேன்' என்று ஆசிரியரிடம் கூறும்போது நிபந்தனையில் 'ஷி' இராது. இறுதி வினை பணிவு வடிவம் பெறும்.

தமிழில் 'அவன் வந்தால்', 'ஐயா வந்தால்' இரண்டிலும் வினை ஒன்றே. இந்தப் பழக்கத்தால் தமிழர்கள் 'ஷி'யை விட்டுவிட வாய்ப்பு அதிகம். இந்தியில் 'தூ ஆயே', 'தும் ஆவோ', 'ஆப் ஆயேங்' என நிபந்தனைப் பகுதியிலேயே வினை மாறுவதால், இந்தி பேசுவோருக்கு இந்த எண்ணம் ஓரளவு பழகியதே.

சில வினைகளில் சொல்லே மாறிவிடும். 'சாப்பிட்டால்' என்பதற்கான சாதாரண வடிவம் 'மொகுமியொன்'. பெரியவர் சாப்பிடுவதானால் 'துஷிமியொன்'. அதேவேளை, தன் செயலுக்கு ஒருவர் 'ஷி' சேர்க்கக் கூடாது. அது தமிழில் 'நான் எழுந்தருளினால்' என்பது போல நகைப்புக்கு இடமாகும்.

அலுவலகத்தில் இதன் பயன்

கொரியாவில் அனுமதி, தடை, வேண்டுகோள் ஆகியவையும் பெரும்பாலும் நிபந்தனை வடிவிலேயே வருகின்றன. வாடிக்கையாளரை அமரச் சொல்லும் ஊழியர் 'அன்ஜுஷிமியொன் த்வெம்னிதா' என்பார். சொல்லுக்குச் சொல் இதன் பொருள் 'அமர்ந்தால் ஆகும்'. 'த்வெம்னிதா'வுக்கு முன் 'அன்' சேர்த்தால் 'ஆகாது' என்ற தடையாகிவிடும். அலுவல் கடிதங்களில் ஒன்றைக் கோருவோர், 'செய்து தந்தால் நன்றியுடையவனாவேன்' என்ற பொருளில் 'சூஷிமியொன்' என்ற வடிவத்தைப் பயன்படுத்துவர். இங்கே 'ஷி' விடுபட்டால், பணிவான வேண்டுகோள் மேலதிகாரியின் காதில் கட்டளைபோல் விழக்கூடும்.

ஆகவே நிபந்தனை வாக்கியத்தைத் தொடங்கும் முன் இரு கேள்விகள் எழ வேண்டும். செயலைச் செய்பவர் யார் என்பதற்கான விடை 'ஷி' வேண்டுமா எனத் தீர்மானிக்கும். கேட்பவர் யார் என்பதற்கான விடை வாக்கியத்தின் முடிவைத் தீர்மானிக்கும்.