பத்ருக்குச் செல்லாமலே பங்கு பெற்றவர்

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு. பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்ட வேளையில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்கள் மதீனாவில் கடும் நோயுற்றிருந்தார்கள். அவர்களின் கணவர் ஹஜரத் உதுமான் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் படையுடன் அழைத்துச் செல்லவில்லை. மனைவிக்குப் பணிவிடை செய்யுமாறு வீட்டிலேயே நிறுத்திச் சென்றார்கள். பத்ரில் கலந்து கொண்டவருக்குரிய நற்கூலியும், போரில் கிடைத்த பொருளில் ஒரு பங்கும் அவர்களுக்கு உண்டென்றும் அறிவித்தார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய வேளையில் அம்மையார் இவ்வுலகை நீத்திருந்தார்கள்.

நோயாளி பிழைத்தாரா, இல்லையா என்பதைக் கொண்டு அந்தப் பணிவிடை மதிப்பிடப்படவில்லை. வாசக அன்பர்களே, இதனை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

புற்றுநோய் முற்றிய நிலையில், "இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், எல்லாம் முடிந்துவிட்டதென்று குடும்பமே கலங்கிப் போகிறது. நோயைக் குணமாக்க வழியில்லை என்பதே அச்சொல்லின் பொருள்; நோவைத் தணிக்க வழியில்லை என்பதன்று. அவ்வழியைக் காட்டும் மருத்துவமே நோய்த்தணிப்புப் பராமரிப்பு.

வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானது என்று எண்ணி, பற்களைக் கடித்துக் கொண்டு கிடக்கும் பெரியவர்கள் நம் இல்லங்களில் உண்டு. அய்யூப் நபி (அலை) அவர்கள் தம்மைத் தீண்டிய துன்பத்தை இறைவனிடம் முறையிட்டதைத் திருமறை எடுத்துரைக்கிறது. அதே திருமறைதான் அவர்களைப் பொறுமையாளர் என்றும் புகழ்கிறது. ஆகவே வாப்பாவோ உம்மாவோ வலிக்கிறது என்றால், "ஸப்ர் செய்யுங்கள்" என்று சொல்லி அமைந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடும் வலிக்கு மருத்துவர்கள் மார்ஃபின் மாத்திரை தருவதுண்டு. அபினியிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்று பலர் அஞ்சுகின்றனர். மருத்துவத் தேவைக்காக, மருத்துவர் குறித்த அளவில் இதனை உட்கொள்ளலாம் என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் தெளிவுபடுத்தியுள்ளனர். வலிக்காக முறையாகக் கொடுக்கப்படும்போது இது உயிரைக் குறைப்பதுமில்லை. நோயாளியைப் போதைக்கு அடிமையாக்குவதும் மிக அரிது. வலி வந்தபின் கொடுப்பதைவிட, மருத்துவர் குறித்த நேரம் தவறாமல் கொடுப்பதே பயன் தரும். இம்மருந்தால் மலச்சிக்கல் உண்டாகும். அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டுப் பெறுங்கள்.

மூச்சுத் திணறினால் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து அமர்த்தி, சன்னலைத் திறந்து, முகத்தில் காற்றுப் படும்படி விசிறுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம். இறுதி நாட்களில் பசி மங்குவது இயல்பு. பாசத்தால் வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். ஈரப் பஞ்சால் உதடுகளை நனைத்தாலே போதும்.

தொழுகை தவறுகிறதே என்று நோயாளி வருந்தக்கூடும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. தண்ணீர் தீங்கு செய்யுமாயின் தயம்மும் உண்டு. மார்க்கம் அளித்த இச்சலுகைகளை அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, அருகிருந்து கவனிப்பவரைப் பற்றி. பெரும்பாலும் அவர் மனைவியாகவோ, மகளாகவோ, மருமகளாகவோ இருப்பார். பல மாதங்களாக உறங்காத அந்தக் கண்களை நாம் காண்பதில்லை. நலம் விசாரிக்கச் செல்கிறவர்கள் நோயாளிக்குக் களைப்பு நேராதபடி விரைவில் விடைபெறுவது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். அத்துடன் கவனிப்பவரையும் நலம் விசாரியுங்கள். ஒரு வேளைச் சோறு கொண்டு செல்லுங்கள். "இன்றிரவு நான் விழித்திருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள்" என்று சொல்லுங்கள்.

அண்டை மாநிலமான கேரளத்தில் இது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்கள் தொடங்கிய பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்து ஊர்களில் பொதுமக்கள் தோள் கொடுத்ததால் வீடுதோறும் சென்றது. பயிற்சி பெற்ற தொண்டர்களும் செவிலியரும் நோயாளியின் இல்லத்திற்கே வந்தனர். 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இப்பராமரிப்பு இடம்பெற்றது.

மையித்தைச் சுமக்க நம் ஜமாஅத்தில் ஆட்களுக்கு என்றும் குறைவில்லை. உயிரோடு படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் அந்தக் கரங்கள் நீள வேண்டாமா? இன்று ஜும்ஆ முடிந்து திரும்பும்போது, உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்குமாயின், சற்று நின்று அதன் கதவைத் தட்டுங்கள்.