பிளவுண்ட அணுக்கருவை நிறுக்கும் முறை

1938ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், பெர்லின் நகரில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்டிராஸ்மனும், நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் பேரியம் தோன்றியிருப்பதைக் கண்டனர். அணுக்கரு இரண்டாகப் பிளந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கண்டவர்கள் லிசே மைட்னரும் அவருடைய சகோதரி மகனாகிய ஓட்டோ ஃபிரிஷும் ஆவர். புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்பிளவில் மறைகிறது. அது 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளிப்பட வேண்டும் என அவர்கள் கணித்தனர். 1939 ஜனவரியில் ஃபிரிஷ் கோபன்ஹேகனில் அயனியாக்கக் கலத்தின் உதவியால் துண்டுகள் எழுப்பிய பெரும் மின்துடிப்புகளைக் கண்டு, பிளவை நேரடியாக மெய்ப்பித்தார்.

கணப்பொழுதில் பறந்தோடும் இத்துண்டுகளை எந்தத் தராசில் நிறுப்பது? அவையே ஒன்றுக்கொன்று எடைக்கல் ஆகின்றன. துப்பாக்கி குண்டை முன்னே செலுத்தித் தான் பின்னே உதைப்பதைப் போல, இரு துண்டுகளும் சம உந்தத்துடன் எதிரெதிர்த் திசைகளில் விரைகின்றன. ஆதலின் அவற்றின் இயக்க ஆற்றல்கள் நிறைகளுக்கு எதிர் விகிதத்தில் அமையும்.

மெல்லிய படலத்தில் யுரேனியம் 235ஐப் பூசி, இருபுறமும் சிலிக்கான் உணர்கருவிகளை வைப்பர். ஒன்று 100, மற்றொன்று 68 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காட்டுவதாகக் கொள்வோம். நியூட்ரானையும் சேர்த்து மொத்த நிறையெண் 236. அதனை 68க்கு 100 என்னும் விகிதத்தில் பகுத்தால், இலேசான துண்டின் நிறை ஏறத்தாழ 96, கனத்ததன் நிறை 140 என்றாகும்.

எனினும் இங்கே ஓர் இடர் உண்டு. கொதிநிலையிலுள்ள துண்டுகள், கருவியை அடையுமுன்னரே நியூட்ரான்களை உமிழ்ந்துவிடுகின்றன. ஒரு பிளவுக்குச் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிப்படும். இதனால் நிறையும் ஆற்றலும் குறையும். சராசரி வேகமோ ஏறக்குறைய மாறாது. ஆகவே வேகத்தையும் தனியே அளப்பர். ஒரு மீட்டரைக் கடக்க இலேசான துண்டுக்கு 70, கனத்த துண்டுக்கு 103 நானோ வினாடி அளவு ஆகும். இரு வேகங்களின் விகிதம் உமிழ்வுக்கு முந்திய நிறைகளைத் தரும். ஒரு துண்டின் வேகமும் ஆற்றலும் சேர்ந்து அதன் பிந்திய நிறையைத் தரும். இவற்றின் வேறுபாடே அத்துண்டு இழந்த நியூட்ரான்களின் கணக்கு.

அணு உலையின் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, இத்துண்டுகளின் ஓட்டம் எரிபொருளுக்குள்ளேயே தடைபடுவதால் பிறப்பது. உலையை நிறுத்திய பின்னரும் எஞ்சும் வெப்பமும், கழிவின் நீடித்த கதிரியக்கமும், எந்தத் துண்டு எவ்வளவு தோன்றிற்று என்பதைப் பொறுத்தவை. உலையைக் குளிர்விப்போரும் கழிவைக் காப்போரும் இவ்வளவீடுகளை நம்பியே தம் பணியைத் திட்டமிடுகின்றனர்.