பிரசவ வேளையில் குருதிச் சர்க்கரை

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வருவோரில் தமிழ்ப் பெண்கள் பலர். கர்ப்ப காலத்தில் நீரிழிவு கண்ட ஒருத்திக்கு லயத்தில் இடுப்புவலி எடுத்தால், மலைப்பாதையில் வண்டியில் கழியும் நேரமும் பிரசவ நேரமேயாகும். அந்நேரத்தில் அவளது குருதியிலுள்ள சர்க்கரையின் நிலை, பிறக்கவிருக்கும் சிசுவையும் பாதிக்கும்.

தாயின் குளுக்கோஸ் நச்சுக்கொடி வழியே சிசுவை அடைகிறது. தாயின் இன்சுலினோ அவ்வாறு அடைவதில்லை. மிகுதியாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசுவின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. டென்மார்க் நாட்டு மருத்துவர் பெடர்சன் 1950-களில் தந்த விளக்கம் இது. தொப்புள்கொடி அறுபட்டதும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. இன்சுலின் சுரப்போ உடனே அடங்குவதில்லை. எனவே கொழுகொழுவென்று பிறந்த குழந்தையே சற்று நேரத்தில் சோர்ந்து, நடுக்கம் கண்டு, பால் குடிக்காமல் இருக்கலாம். குழந்தையின் பருமனைக் கண்டு பூரிக்கும் உற்றாருக்கு இதனை முன்கூட்டியே உரைத்து வைத்தல் நலம்.

பிரசவ வலி கடும் உழைப்புக்கு ஒப்பானது. கருப்பைத் தசைகள் குளுக்கோஸைச் செலவிடுகின்றன, உணவும் குறைந்துவிடுகிறது. வழக்கமான இன்சுலினை அன்றும் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். இதனாலேயே, இன்சுலின் பெறுபவளுக்குப் பிரசவ நாளில் காலை ஊசியை நிறுத்தி, இரண்டு மணிக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்குமாறு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. சிரை வழியே உப்புநீர் ஏற்றப்படுகிறது. 100 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அதில் இன்சுலின் சேர்க்கப்படுகிறது. நச்சுக்கொடி வெளிவந்ததும் இன்சுலின் தேவை சட்டென்று குறைந்துவிடும். இவை மருத்துவமனைக்குரிய பணிகள்; லயத்தில் செய்யத்தக்கவை அல்ல.

களப்பணியாளரின் பணி அதற்கு முன்னரே தொடங்குகிறது. சென்னை மருத்துவர் சேஷய்யாவும் அவர்தம் குழுவினரும் பரப்பிய எளிய சோதனைக்குப் பட்டினி வேண்டுவதில்லை. 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் போதும். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நோய் உண்டு எனக் கொள்ளப்படும். தினக்கூலியை இழந்து மீண்டும் மீண்டும் வர இயலாத தோட்டத்துப் பெண்ணுக்கு இது பேருதவி. முதல் சந்திப்பில் ஒருமுறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் சோதித்தல் வேண்டும். தமிழக அரசு 2007-ல் இச்சோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதாக்கியது. மத்திய அரசின் நெறிகள் 2014-ல் வெளிவந்தன.

நோய் கண்டவளின் அட்டையில் கடைசி ஊசியின் நேரம், அளவு, கடைசியாக உண்ட வேளை, அளந்த சர்க்கரை ஆகியவை எழுதப்பட்டிருத்தல் அவசியம். பேச இயலாத வலியில் அவள் சென்று சேரும்போது அவளுக்காகப் பேசுவது அவ்வட்டையே. வழியில் வியர்த்து நடுங்கினால், நினைவு தெளிவாக இருக்கும்போது மட்டும், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை ஒரு குவளை நீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்ட வேண்டும். சீனித்தண்ணீர் தொட்டுவைக்கும் வழக்கம் அதற்கு ஈடாகாது. குழந்தையின் சர்க்கரையும் அளக்கப்படும். 45 மில்லிகிராமுக்குக் கீழிருப்பின் அது தாழ்வு. ஆறு வாரம் சென்றதும் தாய்க்கு மீண்டும் 75 கிராம் சோதனை செய்யப்பட வேண்டும். கூடைதூக்கி வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் பெரும்பாலும் தவறிப்போவது இதுவே.