திருவோணத்துக்கு வடமேற்கே ஒரு வெடிப்பு

2022ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமியன்று, சூரியன் அஸ்தமித்து முக்கால் மணி நேரம்கூட ஆகாத வேளையில், அதாவது மாலை 6 மணி 47 நிமிஷத்துக்கு, திருவோண நக்ஷத்திரம் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூருக்கு ஏறக்குறைய உச்சியில் நின்றிருக்க, அதற்குச் சற்று வடமேற்கே, அம்பு என்னும் சிறிய நக்ஷத்திரக் கூட்டத்தின் திசையிலிருந்து, விஞ்ஞானிகள் இதுவரை பதிவு செய்தவற்றுள் மிகப் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பு, முதலில் ஒரு சிறு துடிப்பாகவும் சில நிமிஷங்களில் பெருவெள்ளமாகவும், பூமியை வந்தடைந்தது. அப்போது பஸ்ஸுக்குக் காத்து நின்ற எவரும் அதை அறிந்திருக்க நியாயமில்லை; காமாக் கதிர் கண்ணுக்குப் புலனாவதன்று, அதிலும் பெரும்பகுதியை வாயுமண்டலமே தடுத்து உறிஞ்சிவிடுகிறது.

நெய்யூர்க்காரருக்குக் காமாக் கதிர் அந்நியமான வஸ்துவும் அன்று. அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கனிம மணலில் தோரியம் இருக்கிறது. அதன் வம்சாவளியில் பிறக்கும் காமாக் கதிரின் சக்தி, அதிகபட்சம் சுமார் 26 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். அந்த வெடிப்பிலிருந்து வந்த ஒளித்துகள்களிலோ 10 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியவை இருந்தனவென்று, அவை வாயுமண்டலத்தில் மோதிச் சிதறிய துகள் மழையைக் கொண்டு, சீனாவின் மலைமேல் அமைந்த லாசோ ஆய்வுக்கூடம் கணித்தது. புறப்பட்டு 190 கோடி வருஷங்களுக்குப் பின்னும் இத்தனை வீரியம்!

இவ்வெடிப்புகள் மனிதனுக்கு அகப்பட்டதே ஒரு விசித்திரம். ரகசிய அணுகுண்டுப் பரிசோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள், 1967இல், பூமியினுடையதல்லாத ஒரு காமாத் துடிப்பைப் பதிவு செய்ய, அச்செய்தி 1973இல்தான் உலகுக்கு வெளியாயிற்று. நமது அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள், 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறி, தன் காட்மியம்-துத்தநாக-டெல்லூரைடு கருவியை இயக்கத் தொடங்கிய அக்டோபர் 6ஆம் தேதியே ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டது. பூமத்திய ரேகைக்கு ஆறு பாகைச் சாய்வில் பூமியைச் சுற்றும் அது, கன்னியாகுமரிக்குச் சற்றுத் தெற்கே பலமுறை கடந்து போவதுமுண்டு.

ஆனால் 2022இன் வெடிப்போ கருவிகளையே திணறடித்தது. ஃபெர்மி செயற்கைக்கோளின் உணர்விகள் அதன் உச்சத்தில் எண்ண முடியாமல் நிரம்பி வழிந்தன. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கழித்துக் கண்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் தரவோ, அது நமது பால்வீதியைச் சேர்ந்ததோ என்று முதலில் மயங்க வைத்தது. இவ்வளவு தூரத்துப் பொருள் இவ்வளவு ஒளிருமென்று யார் எதிர்பார்ப்பார்? இதனினும் என்னை வியக்க வைப்பது வேறொன்று: இந்தியாவில் மின்னலைக் கவனிப்பதற்கென்று வைத்த கருவிகள் அதனால் தூண்டப்பட்டன; ஜெர்மனியிலுள்ள கருவிகளோ வாயுமண்டலத்தின் மேற்பகுதியான அயனிமண்டலம் கலங்கியதைக் குறித்துக்கொண்டன.

ஒரு பெருநக்ஷத்திரம் மடிந்து கருந்துளையாகும்போது பீச்சிடும் தாரை நம்மை நோக்கி நேராக அமைந்ததே இப்பிரகாசத்துக்குக் காரணம் என்பர். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்கே ஒரு சூப்பர்நோவாவைக் கண்டது. அதில் பொன் போன்ற கனத்த தனிமங்கள் பிறந்ததற்கு அறிகுறி மட்டும், 2024இல் வெளியான ஆய்வின்படி, அகப்படவில்லை.