விலை போடாத இடம்

மே மாதத்து மத்தியானம். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ எழுபது வருஷத்துத் தனி வீடு ஒன்றுக்குள் போகிறீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்ததும் வாயில் வருவது ஒன்றுதான்: “அப்பாடா, உள்ளே எப்படிக் குளுகுளுன்னு இருக்கு!” அடுத்து கண் மேலே போகும், உத்தரங்களை எண்ணும். “அந்தக் காலத்து வீடு அந்தக் காலத்து வீடுதான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அங்கே முடிந்துவிடக் கூடாது என்று எனக்கு எப்போதும் தோன்றும். அந்தக் குளுமைக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் பழைய வீட்டை வைத்திருப்பவருக்கும் உதவும், புது ஃபிளாட் பார்க்கக் கிளம்புகிறவருக்கும் உதவும்.

சென்னையின் புறநகர் ரயில் பாதையை ஒட்டியே வளர்ந்தது. 1931இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை ஏரியும் வயலும் பனையுமாக இருந்த இடங்கள், பாரிமுனையில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கத் தோதான இடங்களாயின. அதற்குச் சில வருஷங்கள் முன்புதான் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கியிருந்தார்கள். 1940களின் கடைசியில் அடையாறு காந்தி நகர் வந்தது. இங்கெல்லாம் மனைக்குக் கணக்கு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. சம்பளக்காரர் ஒருவர் ஒரு கிரவுண்டு வாங்கினால் சுமார் ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டுவார். மீதி மண்ணாகவே கிடக்கும். முழுக்கக் கட்டக் கையில் காசு கிடையாது. சிமென்டும் கம்பியும் எளிதில் கிடைக்காத காலம். மண் ஒன்றுதான் மலிவு. எல்லா அறையிலும் மின்விசிறி இருந்த காலமும் இல்லை. ஆகவே வெயிலைச் சமாளிக்கும் வேலை முழுவதும் கட்டடத்தின் தலையில் விழுந்தது.

முதலில் கூரை. 1950கள் வரைக்கும் கட்டிய பல வீடுகளில் இருப்பது மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போடுவார்கள். அவற்றின் மேல் சின்னஞ்சிறு மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனத்த அடுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அதை அடிப்பார்கள். அது இறுகிய பிறகுதான் எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள். காலைவெயில் இத்தனையையும் ஊடுருவி உள்ளே வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் கடல்காற்று வந்திருக்கும், வீட்டிலிருப்பவர்களும் வராந்தாவுக்கோ மொட்டைமாடிக்கோ போயிருப்பார்கள். இன்றைய கான்கிரீட் தளத்தின் கனம் ஐந்து அங்குலம்தான். சூடு சீக்கிரமே உள்ளே இறங்கிவிடுகிறது. மேல்மாடி ஃபிளாட்டில் ராத்திரி பத்து மணிக்கும் மேலேயிருந்து அனல் அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது உயரம். பழைய அறைகளின் உயரம் பதினொன்று, பன்னிரண்டு அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இன்று கேட்பது குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. பெரும்பாலான ஃபிளாட்டுகள் அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. சூடான காற்று மேலே போகும். மேலே இடமிருந்தால் நம் தலையை விட்டு விலகி அங்கே நிற்கும். விலகி நின்றால் மட்டும் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும். அதற்காகத்தான் ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் அந்தச் சின்ன வென்டிலேட்டர். குருவி கூடு கட்டுகிறது, தூசி இறங்குகிறது என்று பலர் அதை அடைத்துவிட்டார்கள். வீட்டின் மூக்கை அடைத்ததற்குச் சமம் அது. பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால், வென்டிலேட்டரைத் திறந்து கொசுவலை அடியுங்கள் என்பேன்.

ஜன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிர்ந்த இரும்புக் கம்பிகள், மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீடு தெரியாது, ஆனால் காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் வரும். மறைவையும் காற்றையும் சேர்த்துக் கொடுத்த இந்த ஏற்பாட்டுக்கு நிகராக ஒன்றை நான் இன்றைய வீடுகளில் பார்க்கவில்லை. தள்ளு கண்ணாடி ஜன்னலில் எந்நேரமும் பாதி மூடித்தான் இருக்கும். திறந்தாலும் ஒரு பக்கம்தான் திறக்கும்.

சுவர் ஒன்பது அங்குலம், இன்னும் பழையதென்றால் பதின்மூன்றரை அங்குலம், கொத்தனார் பாஷையில் ஒன்றரைக் கல். கலவை, பூச்சு, வெள்ளை எல்லாமே சுண்ணாம்பு. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாக இறுகும். சிமென்ட் அளவுக்கு விறைப்பு கிடையாது என்பதால் கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் அதுவும் இசைந்துகொடுக்கும். சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். இதை அறியாமல் அந்தச் சுவரில் சிமென்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து ‘புதுப்பித்த’ வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஈரம் போக வழியில்லாமல் இரண்டே மழைக்காலத்தில் பெயின்ட் உப்பி, செதில் செதிலாக உரிகிறது. உடனே பழியெல்லாம் பழைய வீட்டின் மேல் விழுகிறது. அந்த வீட்டுக்கு ஒவ்வாத மருந்தைக் கொடுத்தது நாம்.

தரை என்றால் சிவப்புக் காவித் தரை. சிமென்டில் ரெட் ஆக்சைடு பொடியைக் கலந்து மெல்லிய பூச்சாகப் பூசி, கரணையால் இழைத்து இழைத்து மினுக்குவார்கள். இணைப்பே இருக்காது. நான் வளர்ந்த வீட்டுக் கூடத்தில் அப்படியொரு தரை. எத்தனையோ வருஷம் ஈரத்துணி துடைத்தும், பாதங்கள் பட்டும், எப்போதாவது தேங்காய் எண்ணெய் தடவியும் வந்த பளபளப்பு அது. கோடை விடுமுறையில் பாய்கூட இல்லாமல் அதில் குப்புறப் படுத்துக் கதைப்புத்தகம் படித்த குளிர்ச்சி இன்னும் வயிற்றில் இருக்கிறது. விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட நாளில்தான் அழகின் உச்சத்தில் இருக்கும், பிறகு கீறல்தான். காவித் தரை பழகப் பழக அழகாகும். விரிசல் விட்டால் அதே நிறத்தில் ஒட்டுப்போட முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதை ஒழுங்காக இழைக்கத் தெரிந்த கைகளும் இப்போது அபூர்வம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது ஒன்றுதான். பழைய வீட்டின் அழகில் பெரும்பங்கு, கட்டாமலோ விற்காமலோ விட்ட இடத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் மூன்று அடி, சுவரின் கனம், பக்கவாட்டுச் சந்து, முன்பக்க வராந்தா, கிணற்றடி, முருங்கையும் பவழமல்லியும் நின்ற மண். எதற்கும் சதுர அடி விலை போட முடியாது. விலை போட முடியாததெல்லாம் புதுக் கட்டடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போகிறது.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் வருஷத்துக் கட்டட விதிகள், உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ அளவை, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கை, 1.5இலிருந்து 2 ஆக்கின. ஒரு கிரவுண்டில் முன்பு 3600 சதுர அடி கட்டலாம், இப்போது 4800. அதாவது எண்ணூறு சதுர அடியில் ஆறு ஃபிளாட். ஒரு குடும்பம் இருந்த மண்ணில் ஆறு குடும்பம். ஊரில் வீடு வேண்டியவர்கள் பெருகியிருக்கும்போது இதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை நான்கு பேர் பங்கு பிரிக்க வேண்டிய பழைய வீட்டுக்கு, பில்டரோடு போடும் ஜாயின்ட் வென்ச்சர் ஒன்றுதான் சண்டையில்லாத வழியாகவும் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஓர் அடி உயரம் கூட்டினால் செங்கல், பூச்சு, பெயின்ட் எல்லாம் கூடும், விற்கும் பரப்பு மட்டும் கூடாது. உட்சுவரை நாலரை அங்குலமாக்கினால் அறை பெரிதாகத் தெரியும். வராந்தாவை வெட்டினால் ஹால் நீளும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கணக்கு அப்படி இழுக்கிறது.

வராந்தா போனதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். தெருவும் இல்லாமல் வீடும் இல்லாமல் நடுவில் ஓர் இடம் அது. கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். உள்ளே அழைக்கும் அளவுக்குப் பழக்கமில்லாதவரும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குவார்கள். ஃபிளாட்டில் கதவைத் திறந்தால் ஒன்று முழுக்க உள்ளே, இல்லாவிட்டால் முழுக்க வெளியே. நடுவில் நிற்க இடமில்லை.

பழைய வீடுகளின் குறைகளும் சின்னவை அல்ல. சமையலறை கடைசியில், இருட்டில், புகையில் இருந்தது. வீட்டுப் பெண்களின் பகல் முழுக்க அங்கேதான் கழிந்தது. கழிப்பறை கொல்லைக் கோடியில். மழை ராத்திரியில் வயதானவர்கள் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். எர்த் இல்லாத பழைய ஒயரிங் இன்றைய ஏசியையும் கீசரையும் தாங்காது. சட்டங்களில் கரையான் ஏறும். கான்கிரீட் போட்ட 1960, 70களின் வீடுகளில் உப்புக்காற்று பட்டுக் கம்பி துருப்பிடித்து, காரை பாளம் பாளமாக விழும். போதாததற்குத் தெரு. பழையதைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று இரண்டு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் சென்னையில் தொழில் நடத்துவது இதனால்தான். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, ஒழுங்கான மின் பாதுகாப்பு உண்டு. விதிப்படி கட்டிய தூண்களும் பீம்களும் நிலநடுக்கத்தைத் தாங்கும் விதத்தில் கம்பி கட்டப்பட்டவை. சென்னைக்கும் மிதமான நிலநடுக்க அபாயம் உண்டு என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது. தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவுக்குப் பக்கத்துக் கதவைத் தட்டினால் ஆள் வரும் என்ற தைரியம் எந்தத் தேக்கு உத்தரத்தையும் விடப் பெரிது.

பழைய வீடு வாங்கப் போகிறவரானால் தெருமட்டத்தை முதலில் பாருங்கள், அழகை அப்புறம் பார்க்கலாம். மெட்ராஸ் டெரஸ் என்றால் சட்டம் சுவருக்குள் நுழையும் முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் பட்டு மக்குவது அங்கேதான். ஒழுகுகிறதென்று மேலே கான்கிரீட் கொட்டியிருந்தால் அந்தப் பாரத்தைச் சட்டம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஃபிளாட் வாங்குகிறவர் மாதிரி வீட்டின் சோபாவில் மயங்காமல், ஒரு படுக்கையறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தென்கிழக்கில் ஜன்னல் இருந்தால் கடல்காற்று வரும். மேற்குச் சுவர் வெறுஞ்சுவராக வெயிலில் நின்றால் அந்த அறை அடுப்பாகும். ஒன்பது அடிக்கும் பத்தடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது, நேரில் நின்று பார்க்க வேண்டும். பொது இடங்களையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்டப் கணக்கை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் கார்ப்பெட் ஏரியாவைக் கேளுங்கள். 2016ஆம் வருஷத்து ரெரா சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை அது. மண்ணில் உங்கள் பங்கான யூடிஎஸ் எவ்வளவு, மொட்டைமாடி எல்லாருக்கும் பொதுவா என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

சொந்த வீட்டை இடித்துக் கட்டக் கொடுக்கிறவருக்கு இன்னொன்று. பேரம் பேசும்போது கிணற்றையும் பேச்சில் சேருங்கள். கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தில் இடைஞ்சல் என்று முதல் நாளே அதைத் தூர்த்துவிடப் பார்ப்பார்கள். உறை உறுதியாக இருந்தால் மேலே கனத்த இரும்பு வலைமூடி போட்டு வைத்திருக்கலாம், வரைபடத்தில் ஒரு தூணைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே கட்டாயமாக்கியிருக்கிறது. மாடித் தண்ணீரை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டால், புதிதாகத் தோண்டும் குழியை விடப் பெரும்பாலும் அதிகமாக அது மண்ணுக்குள் இறக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஃபிளாட்டில் அப்படி ஒரு கிணறு இரண்டு கார்களுக்கு நடுவே இருக்கிறது. ஐப்பசி மழை கொட்டும் நாளில் குழந்தைகள் லிஃப்டில் இறங்கி வந்து, வலைமூடியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் எந்த உறை வரைக்கும் ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.