21 பேருக்கு ஒரு டீச்சர்: கணக்கு எங்க இடிக்குது?

"அரசுப் பள்ளியில பசங்களே கம்மி, டீச்சருக்கு என்ன கஷ்டம்?" இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. இன்னைக்கு அந்தக் கணக்கைப் பிரிச்சுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டுல நடுநிலைப் பள்ளின்னா ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரை. எத்தனை ஆசிரியர் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. ஆனா அது ரெண்டு விதமா எண்ணுது. 1 முதல் 5 வரை, எல்லா வகுப்பும் சேர்த்து 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 6 முதல் 8 வரை, வகுப்புக்கு ஒருத்தராவது வேணும். 35 பிள்ளைகளுக்கு ஒருத்தராவது வேணும்.

இப்போ ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்குவோம். கீழ் வகுப்புகள்ல 60 பேர், மேல் வகுப்புகள்ல 45 பேர், மொத்தம் 105. சட்டப்படி 2 + 3, அஞ்சு ஆசிரியர். வகுத்தா 21 பேருக்கு ஒருத்தர். பெரிய தனியார் பள்ளி விளம்பரம் மாதிரி இருக்குல்ல?

உள்ளே போய்ப் பாருங்க. கீழே அஞ்சு வகுப்புக்கு ரெண்டே பேர். ஒருத்தர் ஒண்ணு, ரெண்டு, மூணு மூணையும் ஒரே அறையில உட்கார வைக்கணும். மூணாவதுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது, ஒண்ணாவது பிள்ளை "அ" எழுதிட்டுக் காத்திருக்கும். அவர் லீவு போட்டா, இன்னொருத்தருக்கு அஞ்சு வகுப்பு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 61 பேர் இருந்து ஒரு பிள்ளை வேற பள்ளிக்குப் போனா, மூணாவது ஆசிரியர் கணக்குப்படி உபரி. பணி நிரவல்ல அவர் வேற ஊருக்குப் போகலாம். டீச்சர் போனா, அதைப் பார்த்து இன்னும் நாலு பெற்றோர் டிசி கேட்பாங்க.

சரி, கடைசி வரை அங்கேயே இருக்கறது யாரு? பெரும்பாலும் ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைங்க. யூடைஸ் பிளஸ்னு ஒன்றிய அரசோட தரவுத்தளம் இருக்கு. எத்தனை பெண் பிள்ளைகள், எந்தச் சமூகப் பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைகள் எத்தனை பேர்னு பள்ளிவாரியா பதிவு பண்றாங்க. வீட்ல சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தா பிள்ளை சமாளிச்சுக்கும். இல்லாத பிள்ளைக்கு அந்த டீச்சர் தர்ற பத்து நிமிஷம்தான் மொத்தப் பாடமும்.

அதனால அடுத்த தடவை சராசரியைக் கேட்காதீங்க. "ஒரு டீச்சர் ஒரே நேரத்துல எத்தனை வகுப்பைப் பார்த்துக்கறார்?"னு கேளுங்க.